சூசை, வளன், யூசுப்... எல்லாம் ஒரே பேர்தான்!

எக்ஸாம் முடிஞ்சு இப்பதான் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு மக்களே. அதனால ஒரு பேர் வச்ச கதை.

மெல்பர்ன்ல எங்க பக்கத்து வீட்டில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம். அந்த அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கு. இங்க விக்டோரியாவில் பிறந்த 60 நாளுக்குள்ள பதிவு பண்ணணும். இறந்துபோன தன் அப்பா பேரை வைக்கணும்னு அக்காவுக்கு ஆசை. அவர் பேர் சூசைப்பிள்ளை.

"சூசை எண்டு வைச்சா பள்ளிக்கூடத்தில 'சூசி' எண்டு பகிடி பண்ணுவாங்கள் தம்பி. அது இஞ்ச பொம்பிளைப் பிள்ளையின்ர பேர்"னு அண்ணன் சொன்னார். பேசாம ஜோசப்னு வச்சிடலாம்ங்கிறது அவர் கட்சி. "அது அப்பான்ர பேர் மாதிரியே இல்லை"ன்னு அக்கா. கடைசியா அக்கா ஒரு வழி கண்டுபிடிச்சாங்க: ஆங்கிலத்துல 'ஜே'க்குப் பதிலா 'ஒய்' போட்டு யோசேஃப். "வாழ்நாள் முழுக்க எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டு திரியோணும்"னு அண்ணன். வரலாறு படிக்கிறவன்னு பஞ்சாயத்து என்கிட்ட வந்துச்சு :-)

எபிரேய மொழியில அந்தப் பேர் 'ய'வில்தான் ஆரம்பிக்குது. 'இன்னும் கூட்டித் தருவாராக'ன்னு அர்த்தம். கிரேக்கம், லத்தீன் வழியா ஐரோப்பா போய்ச் சேர்ந்தப்புறம்தான் 'ஜே' தனி எழுத்தாச்சு, ஆங்கிலத்துல 'ஜ' சத்தமும் வந்துச்சு. நம்ம தமிழ் பைபிளைத் திறந்து பாருங்க. யோசேப்பு, யாக்கோபு, யோவான்... அந்தப் பழைய 'ய' அப்படியே இருக்கு. ஆக, அக்காவோட 'தப்பான' ஸ்பெல்லிங்தான் மூலத்துக்குக் கிட்ட!

அப்போ சூசை எங்கேர்ந்து வந்துச்சு? 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கும் மன்னாருக்கும் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த பேர் இது. அவங்க வாயில் 'ஜுசே', நம்ம வாயில் சூசை. சந்தியாகுவும் அப்படித்தான். 'சாந்தியாகோ'ன்னா புனித யாக்கோபு. நம்ம ஊர் யாகப்பனும் அதே யாக்கோபுதான். முஸ்லிம் வீடுகள்ல அரபு வழியா வந்தது யூசுப், யாக்கூப். ஒரே தெருவுல சூசையும் யூசுப்பும் இருந்தா ரெண்டு பேருக்கும் ஒரே பேர்!

நம்ம ஆட்கள் சத்தத்தை மட்டும் வளைக்கல, அர்த்தத்தையே தமிழாக்கிட்டாங்க. வீரமாமுனிவரோட சொந்தப் பேர்லயே ஜோசப் இருக்கு. 1726-ல் அவர் எழுதின தேம்பாவணியில சூசையப்பருக்கு வச்ச பேர் வளன். திருச்சி செயின்ட் ஜோசப் காலேஜை தூய வளனார் கல்லூரின்னு சொல்றது இதனாலதான். 1693-ல் ஓரியூர்ல கொல்லப்பட்ட ஜான் டி பிரிட்டோ நமக்கு அருளானந்தர், ஏன்னா யோவான்ங்கிற பேர்ல 'அருள்' இருக்கு. 1745-ல் ஞானஸ்நானம் வாங்கின நீலகண்டனுக்குக் கிடைச்ச பேர் லாசரு. அதோட மூலம் எலெயாசார், 'கடவுள் உதவினார்'னு அர்த்தம். தமிழ்ல தேவசகாயம். 1752-ல் ஆரல்வாய்மொழிப் பக்கம் சுட்டுக் கொல்லப்பட்ட அவருக்கு 2022-ல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தப்போ, தமிழ்ப் பேரையும் சேர்த்துத்தான் அறிவிச்சாங்க.

இதெல்லாம் சொன்னதும் அக்காவுக்குப் பயங்கர சந்தோஷம். அண்ணன் மட்டும், "அதெல்லாம் சரி தம்பி, ரோல் கால் எடுக்கிற டீச்சர் தேம்பாவணி படிச்சிருப்பாவோ?"ன்னார். சிரிச்சாலும் எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. இங்க காபிக் கடையில கப்புல எழுதக்கூட என் பேரை மூணு தடவை எழுத்துக்கூட்டிச் சொல்றவன் நான். போன வருஷத்துலேர்ந்து 'சாம்'னு பொய் சொல்லிட்டுத்தான் காபி வாங்குறேன். அந்தச் சலிப்பு பொய்யில்ல. ஆனா 300 வருஷம் முன்னாடியே எங்கிருந்தோ வந்த பேரை நம்ம நாக்குக்கு ஏத்தபடி வளைச்சவங்க நாம. ஒரு 'ஒய்'யைக் கத்துக்க அந்த டீச்சருக்கு ஒரு வாரம் போதாதா?

54ஆவது நாள் ஃபார்ம் போச்சு. முதல் பேர் 'ஒய்' போட்ட யோசேஃப், நடுப்பேர் வளன். வளனை எழுதச் சொன்னது அண்ணன்தான்!

அம்மம்மா இந்தப் பஞ்சாயத்து எதையும் கண்டுக்கல. முதல் நாள்லேர்ந்தே தொட்டிலாட்டிக்கிட்டு, "என்ர சூசை, நித்திரை கொள்ளடா"ன்னுதான் கூப்பிடுறாங்க.

உங்க வீட்டுல இப்படி ஊர்விட்டு ஊர் வந்து உருமாறின பேர் இருக்கா? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.