பாலம் எங்கே வேண்டும்?

சென்ற தை மாதம் செஞ்சிக்குப் போயிருந்தேன். ராஜகிரி உச்சியை நெருங்கும்போது மலையில் ஓர் ஆழமான பிளவு குறுக்கிடும். அதன்மேல் ஒரு பாலம். ஏழெட்டு வருஷமாக இடுப்புவலியோடு குடித்தனம் நடத்துகிற நான், பாலத்துக்கு இப்பாலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கூட ஏறி வந்த ஊர்ப் பெரியவர் சொன்னார்: "தம்பி, பாலத்தை எடுத்துட்டா இந்த வெடிப்புதான் கோட்டைக்குக் காவல்."

வாஸ்தவம்தான். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படையை அலைக்கழித்த கோட்டை அல்லவா!

என் பையிலோ வேறொரு பாலத்துக்கான சீட்டு இருந்தது. இடுப்புக்கு நேரே முதுகெலும்பின் இரண்டு கணுக்களை ஒன்றாக இணைத்துவிடலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ஊர் திரும்பியதும் அந்த ரண சிகிச்சையின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன்.

1911-ல் நியூயார்க்கில் ரஸல் ஹிப்ஸ், ஃப்ரெட் ஆல்பீ என்ற இரு டாக்டர்கள் தனித்தனியே இதை வெளியிட்டார்கள். ஆல்பீ நோயாளியின் கணைக்கால் எலும்பில் ஒரு துண்டை எடுத்து முதுகில் பதித்தார். ஹிப்ஸ் முதுகெலும்பையே சீவி, அடுத்த கணுவோடு சேரவிட்டார். ஆனால் இந்த முறை பிறந்தது என் போன்ற இடுப்புவலிக்காரர்களுக்காக அல்ல. முதுகெலும்பில் க்ஷயரோகம் கண்டவர்களுக்காக. எலும்பு அரித்துக் கூன் விழுந்தது. நோய்க்கு மருந்தும் இல்லை. அங்கே மெய்யான பிளவு இருந்தது, பாலம் போட்டார்கள்.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. பிறகு வேறு மருந்துகளும் வந்தன. நம் சென்னையிலேயே, நடக்க முடியாதபடி கால் விழாத முதுகெலும்பு க்ஷயரோகிகளிடம் ஒரு பரீட்சை நடத்தினார்கள். பத்து வருஷப் பலன் 1999-ல் வெளியாயிற்று. ரண சிகிச்சையோடு ஆறு மாத மருந்து பெற்றவர்களில் 90 சதவிகிதம் பேர் நலம். ஆறு மாதம் மருந்து மட்டும் உண்டவர்களில் 94. ஒன்பது மாதம் உண்டவர்களில் 99!

இதற்குள் கத்தி சாதாரண இடுப்புவலியின் பக்கம் திரும்பியிருந்தது. 2001-ல் ஸ்வீடன் டாக்டர்கள், வழக்கமான சிகிச்சையைவிட ரண சிகிச்சையே மேல் என்றார்கள். 2005-ல் பிரிட்டனில் 349 பேரைக் கொண்டு, அதைத் தீவிரமான தேகப்பயிற்சியோடும் மனப் பயிற்சியோடும் ஒப்பிட்டார்கள். ரண சிகிச்சைதான் மேல் என்று சொல்லத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை.

இணைத்த கணு அசையாது. அதன் வேலையையும் பக்கத்துக் கணுக்களே சுமக்க வேண்டும். எலும்பு முறிந்தோ நழுவியோ நரம்பை நெருக்கினால் அது வேறு விஷயம். அங்கே பாலம் வேண்டியதுதான். ஆனால் எல்லா இடைவெளியும் பழுது அல்ல. சில இடைவெளிகள் காவலும்கூட.

டாக்டரிடம் திரும்பப் போனேன். "எலும்பு எங்கேயாவது நழுவியிருக்கிறதா, ஸார்?" என்று கேட்டேன்.

அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இல்லை. ஆறு மாதம் பயிற்சி செய்து பாருங்கள். பிறகு யோசிப்போம்" என்றார்.

நாலு மாதம் ஆகிறது. வலி போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் குனிந்து செருப்பை நானே மாட்டிக்கொள்கிறேன். வருகிற தையில் அந்தப் பாலத்தைத் தாண்டி உச்சிக்குப் போவதாக உத்தேசம்.