புதைந்த சில்லை மீட்ட கதை



புறநானூற்றிலே ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை உமணர் வண்டியின் சேம அச்சுக்கு ஒப்பிட்டுப் பாடியிருக்கிறார். உப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் செல்லும் அவ்வணிகர், வழியில் அச்சு முறிந்துவிடக்கூடும் என்று எண்ணி, வேறோர் அச்சையும் வண்டியின் அடிமரத்திற் கட்டிச் செல்வது வழக்கம். பாதையற்ற இடத்திற் பயணம் செய்பவன், வண்டி ஓடுவதை மட்டுமன்றி, அது ஓடாமல் நின்றுவிடுவதையும் முன்னரே எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மாட்டு வண்டிக் காலத்து இவ்வறிவை மோட்டார் வண்டிக் காலத்து மனிதர் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்கள் அதை நன்றாகக் கற்ற பள்ளிக்கூடம் லிபியப் பாலைவனம்.

புதைந்த வண்டியை மீட்பதற்கு இன்று பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் கருவி வின்ச் ஆகும். உருளை ஒன்றிலே கயிற்றையோ உருக்கு வடத்தையோ சுற்றி, சிறு விசையைப் பெருவிசையாக மாற்றி இழுக்கும் பொறி அது. அதன் தத்துவம் மிகப் பழையது. கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் கப்பிகளின் துணையாற் பெருங் கப்பலொன்றைத் தனியொருவராக இழுத்துக் காட்டினார் என்று புளூட்டாக் என்னும் வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். பாய்க்கப்பல்களின் நங்கூரத்தை மாலுமிகள் தூக்கியதும் இவ்வகைப் பொறியினாலேயே. ஆயினும் இப்பொறிக்கு ஒரு நிபந்தனை உண்டு. கயிற்றின் மறுமுனையைக் கட்டுவதற்கு அசையாத பொருள் ஒன்று வேண்டும். காட்டிலே மரம் உண்டு. மலையிலே பாறை உண்டு. மரமும் பாறையும் இல்லாத மணற் கடலில் எதனிற் கட்டுவது?

எகிப்தின் மேற்கே, லிபிய எல்லையின் இருபுறமும், பெரு மணற்கடல் எனப்படும் நிலப்பரப்பு கிடக்கிறது. அதன் பரப்பு ஏறத்தாழ 72,000 சதுர கிலோமீற்றர். மணற்குன்றுகள் வரிசை வரிசையாக, வடக்கிலிருந்து தெற்காகச் சற்றுச் சாய்ந்து நீளுகின்றன. பாரசீக மன்னன் கம்பைசிஸ் அனுப்பிய 50,000 போர்வீரர் இப்பாலைவனத்திலே புயலில் மறைந்தனர் என்று எரோடோட்டஸ் எழுதி வைத்தார். அது உண்மையோ கதையோ, இந்நிலத்தைப் பற்றி மக்கள் கொண்டிருந்த அச்சம் உண்மையானது.

முதலாம் உலக யுத்தத்தின்போது, 1916ஆம் ஆண்டு முதல், பிரித்தானியரின் இலகு மோட்டார் அணிகள் ரி மாதிரிப் போர்ட் வண்டிகளில் இப்பாலைவனத்தின் ஓரங்களிற் சுற்றிவந்தன. மணற்கடலின் உட்பகுதியோ மோட்டார் வண்டிக்கு ஏற்ற இடமன்று என்றே பொதுவாகக் கருதப்பட்டது. அந்த எண்ணத்தை மாற்றியவர் ரால்ப் பாக்னோல்ட். 1896இற் பிறந்த அவர் பொறியியற் படையில் அதிகாரியாகப் பிரான்சிலே போரிட்டவர். 1926இல் எகிப்துக்கு வந்தவர். விடுமுறைக் காலங்களில், சொந்தப் பணத்தைச் செலவிட்டு, நண்பர் சிலருடன் போர்ட் வண்டிகளிலே பாலைவனத்துக்குள் சென்றார். வண்டிகள் புதைந்தன. புதைந்த ஒவ்வொரு முறையும் அவர் ஏன் என்று கேட்டார்.

கெய்ரோ நகரத்துப் பழைய இரும்புக் கடையொன்றில் அவர் கண்ட பொருளொன்று அக்கேள்விக்கு விடையாயிற்று. அவை ஏறக்குறைய ஐந்தடி நீளமான, தொட்டிபோல் வளைந்த உருக்குத் தகடுகள். யுத்தகாலத்திலே பதுங்குகுழிகளுக்குக் கூரையிடச் செய்யப்பட்டவை அவை. இவற்றைப் புதைந்த சில்லின் கீழ் இட்டால் என்ன என்று பாக்னோல்ட் எண்ணினார். சில்லின் முன்னுள்ள மணலைக் கையால் வாரிவிட்டு, தகட்டின் முனையை ரயருக்கு அடியில் நெருக்கிச் செருகி, வண்டியை மெல்லச் செலுத்தினர். மற்றவர்கள் பின்னின்று தள்ளினர். சில்லு தகட்டின்மீது ஏறியது, வண்டியின் பாரம் நீண்ட பரப்பிற் பரவியது, வண்டி நகர்ந்தது. நகர்ந்த வண்டி கெட்டியான தரையை அடையும்வரை நிற்கக்கூடாது. சாரதி ஓட்டிச் சென்றுவிட, ஏனையோர் வெயிலிற் சுட்ட தகடுகளைத் தோளிற் சுமந்து பின்னே நடப்பர்.

இங்கே கயிறும் இல்லை. கட்டுவதற்கு மரமும் வேண்டியதில்லை. எது வண்டியை விழுங்கியதோ அந்த மணலே வண்டியைத் தாங்குமாறு செய்யப்பட்டது. மீட்புக் கலையின் வரலாற்றிலே முக்கியமான திருப்பம் இதுவே. இழுக்கும் விசையை மிகுதியாக்குவதற்கு மாறாக, நிலத்தை அமுக்கும் பாரத்தைக் குறைக்க அவர்கள் கற்றுக்கொண்டனர்.

அதே எண்ணம் வேறு வழிகளையும் காட்டியது. ரயரின் காற்றைக் குறைத்தால் அது தட்டையாகி, மணலோடு கூடிய பரப்பில் ஊன்றுகிறது. வேண்டாத பொருள்களை இறக்கிவிட்டால் வண்டி இலேசாகிறது. மயிலிறகேயாயினும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்ற கருத்தை வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தமை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அரசன் தன் வலிமையை அறிவதுபோலவே சாரதியும் தன் வண்டியின் வலிமையையும் தரையின் வலிமையையும் அறியவேண்டும். காற்று அடிக்கும் பக்கத்திலே மணல் இறுகி உறுதியாயிருப்பதையும், மறுபுறச் சரிவிலே அது இளகியிருப்பதையும் பாக்னோல்ட் கண்டார். பின்னர் அவர் இங்கிலாந்திலே காற்றுச் சுரங்கம் அமைத்து மணலின் இயக்கத்தை ஆராய்ந்து, 1941இல் ஒரு நூலாக வெளியிட்டார். அத்துறைக்கு அது அடிப்படை நூலாயிற்று. 1944இல் அவர் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார்.

1940 யூன் 10ஆந் தேதி இத்தாலி யுத்தத்திற் குதித்தது. ஓய்விலிருந்து மீண்டும் சேவைக்கு அழைக்கப்பட்டிருந்த பாக்னோல்ட், கப்பல் விபத்தொன்றின் காரணமாகத் தற்செயலாக எகிப்திற் கரையிறங்கியிருந்தார். பாலைவனத்தின் உட்பகுதியிற் சென்று எதிரியை உளவறியும் சிறுபடை ஒன்று வேண்டும் என்று அவர் கூற, தளபதி வேவல் உடன்பட்டு ஆறு வார அவகாசம் கொடுத்தார். அதுவே நெடுந்தூரப் பாலைவனப் படை என்று பெயர்பெற்றது. முதலில் அதிற் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நியூசிலாந்துத் தொண்டர்கள். அவர்கள் ஏறிய செவர்லே லொறிகள் நான்கு சில்லாலும் இயங்குபவை அல்ல. பின்சில்லுகளால் மட்டும் இயங்கும் சாதாரண லொறிகள். 1941இல் நான்கு சில்லாலும் இயங்கும் லொறிகள் கிடைத்தபோது, அவை பெற்றோலை மிகுதியாகக் குடித்தமையால், 1942இல் மறுபடியும் செவர்லேக்கே திரும்பினர். ஒவ்வொரு லொறியிலும் உருக்குத் தகடுகளும், கன்வசிலே மூங்கிற் சட்டம் செருகிய மணற்பாய்களும், மண்வெட்டிகளும் இருந்தன.

அங்கே ஒரு லொறியை இழப்பது எத்தகையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. 1941 ஜனவரி 31ஆந் தேதி ஜெபெல் ஷெரிப் என்னும் இடத்திலே எதிரியின் தாக்குதலால் அப்படையின் லொறிகள் சில எரிந்தன. றொனால்ட் மூர் என்ற போர்வீரரும் அவருடைய தோழர் மூவரும், இரண்டு கலனுக்கும் குறைந்த தண்ணீருடன் தெற்கு நோக்கி நடந்தனர். பத்து நாளின் பின் மூரைப் பிரெஞ்சுப் படையினர் கண்டெடுத்தபோது அவர் 210 மைல் நடந்திருந்தார். தோழருள் ஒருவர் மீட்கப்பட்ட பின்னர் உயிர் நீத்தார். மணலிற் புதைந்த லொறியை மீட்கத் தெரியாதவனுக்கும் இவ்வாறான நடையே விதியாகும். ஆகவே அந்தத் தகடு அவர்களுக்கு வெறும் இரும்பன்று. தண்ணீரை ஒத்த உயிர்ப்பொருள்.

யுத்தம் முடிந்தபின் 1948இலே லாண்ட் றோவர் வண்டி வெளிவந்தது. விமானத் தளங்களுக்காக 1941 முதற் செய்யப்பட்ட துளையுள்ள உருக்குப் பலகைகளை ஆபிரிக்கப் பயணிகள் வெட்டி மணற்றகடுகளாக்கினர். மின்கலத்தால் இயங்கும் வின்ச்சும் பின்னர் பரவியது. இன்று உருக்கு வடத்தோடு போட்டியிடும் செயற்கை இழைக் கயிறும் உண்டு.

கருவி எதுவாயினும் அதன் இலக்கணம் மாறவில்லை. சுமையோடு கூடிய வண்டியின் நிறையைப் போல் ஒன்றரை மடங்கேனும் இழுக்க வல்ல வின்ச்சையே தெரிந்தெடுக்கவேண்டும் என்பது பொது விதி. வடம் உருளையில் ஒரு சுற்று அடுக்காக இருக்கும்போதே இழுவை மிக வலிது. அடுக்குகள் கூடக்கூட வலிமை குறையும். வண்டியிலிருந்து சென்ற வடத்தைக் கப்பி ஒன்றிற் கொடுத்து மீண்டும் வண்டிக்கே கொண்டுவந்தால், வேகம் பாதியாகும். இழுவை ஏறத்தாழ இரு மடங்காகும். மரம் இல்லாத இடத்திலே மேலதிகச் சில்லை ஆழப் புதைத்து, அதையே நங்கூரமாக்கலாம். மரம் இருந்தால், அதன் பட்டை அறுபடாதிருக்க அகலமான பட்டியைச் சுற்றவேண்டும். இறுகிய வடம் அறுந்தால் ஆளைக் கொல்லும். ஆதலால் அதன்மேற் பாரமான போர்வையொன்றை இட்டு, எவரும் அருகில் நில்லாது விலகவேண்டும்.

ஆனால் இவை யாவும் பிந்திய படிகள். வண்டி புதைந்ததும் சில்லைச் சுழற்றுவதை நிறுத்துதல் முதற்படி. இறங்கித் தரையைப் பார்த்தல், பாரத்தை இறக்குதல், ரயரின் காற்றைக் குறைத்தல், மணலை வாருதல், தகட்டை இடுதல் என்பன அடுத்த படிகள். வடத்தை எடுப்பது அதற்கும் பின்னரே. பெருவிசையை முதலில் நாடுபவன் வண்டியை மேலும் ஆழத்திற் புதைப்பான். சில வேளை உடைப்பான்.

பாக்னோல்ட் 1990இல், தமது 94ஆவது வயதிற் காலமானார். பாலைவனத்தை வென்றவர் என்று அவரைப் புகழ்வோர் உண்டு. அதனுடைய இயல்பை அறிந்து, அதற்கு இணங்கி நடந்தவர் என்று சொல்வதே பொருந்தும். உமணர் தம் வண்டியின் அடியிற் கட்டிய அச்சும், பாக்னோல்ட் தம் வண்டியின் பக்கத்திற் கட்டிய தகடும் சொல்வது ஒன்றே: புறப்படுமுன் எண்ணியவன் நடுவழியிற் கலங்கமாட்டான்.