தேர்வு கேட்டதைத்தான் பள்ளி கற்பித்தது

டிரைவிங் ஸ்கூல்களைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் ஒரே குறைதான் சொல்லப்படும்: அங்கே வண்டி ஓட்டச் சொல்லித்தருவதில்லை, லைசென்ஸ் வாங்கத்தான் சொல்லித்தருகிறார்கள். குறை உண்மைதான். வகுப்பெல்லாம் முடிந்து லைசென்ஸும் கைக்கு வந்த பிறகு, நெரிசலான சாலையில் தனியாக வண்டி எடுக்கப் பயந்து, தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பழகுகிறவர்கள் ஏராளம். ஆனால் இதற்குப் பள்ளிகளை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமல்ல. ஓட்டுநர் பயிற்சி என்ற தொழில் கடந்துவந்த நூறு ஆண்டுகளைப் புரட்டினால் ஒரு செய்தி திரும்பத் திரும்பத் தென்படும். பள்ளி எப்போதும் தேர்வின் பின்னால்தான் நடந்திருக்கிறது. தேர்வாளர் கேட்டதைக் கற்பித்தது. அவர் கேட்பதை நிறுத்தியதும் கற்பிப்பதையும் விட்டுவிட்டது. ஆகவே மோசமான ஓட்டுநர்கள் எப்படி உருவாகிறார்கள் என்ற வழக்கில் முதலில் விசாரிக்க வேண்டியது தேர்வைத்தான்.

இந்தக் கதையைப் பிரிட்டனில் தொடங்குவதே பொருத்தம். நம் சட்டத்தின் வேர் அங்கே இருக்கிறது. அங்கே 1903ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் லைசென்ஸைக் கட்டாயமாக்கியது, தேர்வை அல்ல. ஐந்து ஷில்லிங் கட்டியவருக்கு லைசென்ஸ் கிடைத்தது. தேர்வே இல்லாத அந்தக் காலத்திலும் பயிற்சிப் பள்ளிகள் இருந்தன. பிரிட்டிஷ் ஸ்கூல் ஆஃப் மோட்டாரிங் 1910இல் தெற்கு லண்டனின் பெக்கம் ரையில் தொடங்கப்பட்டது. வண்டி ஓட்டுவதோடு இயந்திரத்தின் உள்வேலையையும் அங்கே கற்பித்தார்கள். காரணம் எளிது. அன்று பள்ளிக்கு வந்தவர்களில் பலர் பணக்கார வீடுகளில் சாரதி வேலையை நாடியவர்கள். வழியில் நின்றுபோன வண்டியைத் தானே சரிசெய்யத் தெரியாதவரை எந்த முதலாளியும் வேலைக்கு வைத்துக்கொள்ளமாட்டார். அரசு கேள்வி கேட்காத இடத்தில் முதலாளி கேட்டார். அந்தக் கேள்விக்குப் பள்ளி பாடம் அமைத்தது.

அரசு கேள்வி கேட்கத் தொடங்கியது சாவுகளின் கணக்கைப் பார்த்த பிறகுதான். 1934இல் பிரிட்டனின் சாலைகளில் 7,343 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைப் போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிஷா நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1934 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ ஓட்டத் தொடங்கிய அனைவருக்கும் 1935 ஜூன் 1 முதல் தேர்வு கட்டாயம். கடைசி நேரத்தில் கூட்டம் மொய்க்காமல் இருக்க, மார்ச் 13 முதலே விரும்பியவர்கள் வந்து தேர்வெழுத அனுமதித்தார்கள். கட்டணம் ஏழரை ஷில்லிங். தேர்வுக்கென்று கட்டடங்கள் கிடையாது. ரயில் நிலையத்தின் முன்போ பூங்கா வாசலிலோ நகர மண்டபத்தருகிலோ தேர்வாளர் காத்திருப்பார், வண்டியோடு போய் அவரைச் சந்திக்க வேண்டும். தேர்ச்சி பெற்றவர்கள் சுமார் 63 விழுக்காடு. பழகுகிறவரின் வண்டிக்கு எல் பலகை கட்டாயமானதும் அப்போதுதான்.

1935இல் சாவுகள் 6,502ஆகக் குறைந்தன. அதைத் தேர்வின் வெற்றியாகக் காட்டுவது பலருக்கு வழக்கம். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. ஊர்ப் பகுதிகளில் மணிக்கு 30 மைல் என்ற வேகவரம்பு அதே 1935 மார்ச்சில்தான் வந்தது. பாதசாரிகள் கடக்கும் இடங்களும் அந்தக் காலத்தில்தான் பரவலாகக் குறியிடப்பட்டன. தேர்வோ புதியவர்களை மட்டுமே தொட்டது. சாலையில் ஓடிக்கொண்டிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தேர்வே எழுதாதவர்கள். எனவே தேர்வு உடனடியாக உயிர்களைக் காத்தது என்று நிறுவ முடியாது. அது செய்த வேலை வேறு: ஒரு பாடத்திட்டத்தை உண்டாக்கியது. இடப்புறமோ வலப்புறமோ உள்ள குறுகிய திறப்புக்குள் ரிவர்ஸில் போவது, முன்னும் பின்னுமாக எடுத்து வண்டியை எதிர்த்திசைக்குத் திருப்புவது, கையை வெளியே நீட்டிச் சைகை காட்டுவது என்று சட்டவிதி எதைக் குறிப்பிட்டதோ அதுவே பள்ளிகளின் அன்றாட வேலையாயிற்று. இயந்திரப் பாடம் ஓரமாக ஒதுங்கியது.

அதன் பிறகு பிரிட்டனில் நடந்த ஒவ்வொரு மாற்றமும் இந்த உறவைச் சோதித்துக் காட்டியது போலவே இருக்கிறது. 1975 மே மாதம் கைச்சைகையைச் செய்துகாட்ட வேண்டியதில்லை என்றார்கள். தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்ட அது பாடத்திலிருந்து கரைந்தது. 1996 ஜூலையில் தனி எழுத்துத் தேர்வு வந்தது; கேள்வி-பதில் புத்தகங்களும் வந்தன. 2002 நவம்பரில் வந்ததுதான் என் கணிப்பில் எல்லாவற்றிலும் முக்கியமானது: ஆபத்தை முன்கூட்டியே உணர்கிறாரா என்று பார்க்கும் தேர்வு. 14 காணொளித் துண்டுகள், அவற்றில் உருவாகிவரும் 15 ஆபத்துகள். நிறுத்தியிருக்கும் லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுவன் எட்டிப்பார்க்கிறான் என்றால், அவன் சாலையில் இறங்கிய பிறகு பொத்தானை அழுத்துபவருக்கு மதிப்பெண் இல்லை; இறங்கப்போகிறான் என்று கண்டுகொண்டவருக்கு உண்டு. 75க்கு 44 எடுத்தால்தான் தேர்ச்சி. கையும் காலும் அல்லாமல் கண்ணும் புத்தியும் தேர்வுக்குள் நுழைந்த இடம் அது. பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டவைப்பது நல்ல ஆசிரியர்களிடம் முன்பிருந்தே இருந்த பழக்கம்தான். இந்தத் தேர்வு வந்த பிறகு அதற்கு மாணவனிடமும் ஒரு தேவை பிறந்தது.

2010இல் நடந்ததையும் கவனிக்க வேண்டும். அதுவரை தேர்வு எந்தெந்தத் தெருக்களில் நடக்கும் என்ற வழித்தடங்களை அரசே வெளியிட்டுவந்தது. மாணவர்கள் அந்தத் தெருக்களை மட்டும் நெட்டுருப் போட்டார்கள். எந்தத் திருப்பத்தில் கியரைக் குறைப்பது, எந்த முனையில் தயங்குவது என்பதெல்லாம் மனப்பாடம். அந்த அக்டோபரில் வழித்தடங்களை வெளியிடுவதை நிறுத்தி, தேர்வாளர் ஒவ்வொரு திருப்பத்துக்கும் கட்டளையிடாமல் சுமார் பத்து நிமிடம் தானாகவே வழிபார்த்து ஓட்டும் பகுதியைச் சேர்த்தார்கள். 2017இல் அது இருபது நிமிடமாயிற்று. முனைதிரும்பி ரிவர்ஸ் எடுப்பதும் சாலையில் வண்டியைத் திருப்புவதும் தேர்விலிருந்து நீக்கப்பட்டன. இந்த மாற்றங்கள் எதற்கும் பள்ளிகளைத் திருத்தும் இயக்கம் ஒன்று தேவைப்படவில்லை. கேள்வியை மாற்றினார்கள், பாடம் மாறியது.

இப்போது நம் நாட்டுக்கு வரலாம். 1914ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் லைசென்ஸைக் கொண்டுவந்தது. 1939இன் சட்டம் அதை விரித்தது. இன்று நம்மை ஆள்வது 1988இன் சட்டமும் 1989இன் மத்திய மோட்டார் வாகன விதிகளும். பிரிட்டனின் முத்திரை எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதற்கு எல் பலகையே போதும். அங்கே அது ஏழு அங்குலச் சதுரம், எழுத்தின் உயரம் நான்கு அங்குலம், அகலம் மூன்றரை. நம் விதி 18 சென்டிமீட்டர் சதுரம், 10 சென்டிமீட்டர் உயரம், 9 சென்டிமீட்டர் அகலம் என்கிறது. அங்குலத்தைச் சென்டிமீட்டராக்கி முழுமைப்படுத்தியதுதான் மிச்சம். தேர்வுக்கான 15ஆம் விதியும் அப்படியே. குறுகிய திறப்புக்குள் இடமோ வலமோ ரிவர்ஸ் எடுப்பது, முன்னும் பின்னும் எடுத்து எதிர்த்திசைக்குத் திருப்புவது ஆகிய இரண்டும் 1935இன் பட்டியலிலிருந்து ஏறக்குறைய வார்த்தை மாறாமல் அதில் இருக்கின்றன. பிறந்த ஊரில் அவை ஓய்வுபெற்றுவிட்டன. இங்கே சட்டப்படி இன்னும் பணியில் இருக்கின்றன.

காகிதத்தில் நம் பட்டியல் குறையுள்ளதல்ல. கண்ணாடியைப் பார்ப்பது, உரிய நேரத்தில் சைகை தருவது, முந்துவது, முந்தவிடுவது, அவசரத்தில் நிறுத்துவது என்று சாலையில் தேவையான பலவற்றை அது சொல்கிறது. ஆனால் ஆர்.டி.ஓ. மைதானத்துக்குப் போய்ச் சேரும்போது அந்தப் பட்டியல் சுருங்கிப்போகிறது. தமிழ்நாட்டில் இருசக்கர வாகனத்துக்குத் தேர்வு என்றாலே ‘எட்டு போடுவது’தான். காலை ஊன்றாமல், வண்டி ஆஃப் ஆகாமல், கோட்டைத் தாண்டாமல் எட்டு வடிவில் சுற்றிவர வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் நின்று பார்ப்பார். மெதுவான வேகத்தில் சமநிலை, அரைக் கிளட்ச், பார்வையைப் போகும் திசைக்குத் திருப்புவது ஆகியவற்றை எட்டு நன்றாகவே சோதிக்கிறது. அதைக் கேலிசெய்வதில் எனக்கு உடன்பாடில்லை. அது சோதிக்காதவைதான் சிக்கல். சந்திலிருந்து மெயின் ரோட்டில் ஏறும்போது வலப்பக்கத்திலிருந்து வரும் பஸ்ஸின் வேகத்தை எடைபோடுவது, நிற்கும் ஆட்டோவின் கதவோரம் எவ்வளவு இடம் விடுவது, இரவில் எதிர்வெளிச்சத்தில் என்ன செய்வது, இவையெதுவும் எட்டுக்குள் இல்லை. ஆகவே பயிற்சிக்குள்ளும் இல்லை. கேரளத்தில் காருக்கு எச் வடிவம் நெடுங்காலம் இதே வேலையைச் செய்தது. நட்டுவைத்த எந்தக் கம்பி கண்ணாடியில் தெரியும்போது ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடிப்பது என்ற கணக்கே அங்கே பாடமாயிற்று. 2024இல் அம்மாநில அரசு தேர்வைக் கடுமையாக்க முனைந்தபோது பள்ளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. தங்கள் பாடம் எதன்மேல் நிற்கிறது என்று பள்ளிகளுக்குத் தெரியும்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் இரண்டு. ஒன்று: தேர்வை நம்புவானேன், பயிற்சியையே சட்டம் வரையறுக்கலாமே. ஜெர்மனி அப்படித்தான் செய்கிறது. நெடுஞ்சாலையில் ஐந்து, ஆட்டோபானில் நான்கு, இருட்டில் மூன்று என்று 45 நிமிட ஓட்டங்களைப் பள்ளியில் முடித்தாக வேண்டும். உண்மை. ஆனால் நம் சட்டமும் வரையறுக்காமல் இல்லை. 31ஆவது விதிப்படி காருக்குக் குறைந்தது 21 நாள் பயிற்சி, அதில் 10 மணிநேரம் சக்கரத்தின் பின்னால். ஒவ்வொரு மாணவரும் ஓட்டிய நேரத்துக்குத் தனிப் பதிவுப் படிவமும் உண்டு. ஒரே காரில் நான்கு மாணவர்களை ஏற்றி, ஆளுக்குக் கால் மணிநேரம் கொடுத்து, படிவத்தை நிரப்பிவிடுவதைத் தடுக்க அந்த விதியால் முடியவில்லை. பத்து மணிநேரம் ஓட்டியவரையும் இரண்டு மணிநேரம் ஓட்டியவரையும் தேர்வு பிரித்தறிந்தால் மட்டுமே படிவத்தில் எழுதும் எண்ணுக்கு அர்த்தம் உண்டு. ஜெர்மனியிலும் பள்ளியின் கணக்கைப் பள்ளியே முடித்துக்கொள்ள விடுவதில்லை; தேர்வை நடத்துவது டியூஃப், டெக்ரா போன்ற தனி அமைப்புகள்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கசப்பானது: தேர்வைக் கடுமையாக்கினால் தரகருக்குத்தான் கொண்டாட்டம். தமிழ்நாட்டில் பிறந்த செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நான்கு பொருளியலாளர்கள் டெல்லியில் 822 விண்ணப்பதாரர்களை வைத்துச் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்றாகக் காட்டப்படும். லைசென்ஸ் பெற்றவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் தேர்வையே எழுதவில்லை. ஆய்வாளர்கள் தனியே வைத்த சோதனையில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு ஓட்டத் தெரியவில்லை. இந்த எண்கள் என் வாதத்தை உடைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதன் எல்லையைக் காட்டுகின்றன. தரகர் விற்றது எளிமையான தேர்வையல்ல, தேர்விலிருந்து விலக்கை. தேர்வு நடக்காத இடத்தில் அது கடினமா எளிதா என்ற கேள்விக்கே இடமில்லை. அப்படிப்பட்ட ஊரில் நல்ல பள்ளி நடத்துபவரின் நிலை பரிதாபமானது: முப்பது மணிநேரம் கற்பித்த அவரது மாணவருக்கும் ஒன்றும் கற்காதவருக்கும் ஒரே அட்டைதான் கிடைக்கும் என்றால், அவரிடம் யார் காசு கொடுத்துப் படிப்பார்கள்?

அதனால்தான் 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதிகளை நான் கவலையோடு பார்க்கிறேன். அவற்றில் நல்லவை நிறைய. சமவெளியில் இரண்டு ஏக்கர் நிலம், சிமுலேட்டர் எனும் பாவனை இயந்திரம், ஓட்டிப்பார்க்கும் தடம். காருக்கு நான்கு வாரத்துக்குள் 29 மணிநேரம், அதில் 21 மணிநேரம் செய்முறை. பழைய பத்து மணிநேரத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் அங்கே பயின்று மையத்தின் சோதனையில் தேறியவருக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டுநர் தேர்விலிருந்து விலக்கு. அதாவது காசு வாங்கிக் கற்பிப்பவரே தேர்ச்சிச் சான்றும் தருகிறார். கேமராவும் தானியங்கித் தடமும் ஏமாற்றைப் பிடித்துவிடும் என்பது ஆதரிப்பவர்களின் பதில். கோட்டைத் தொட்டதை அவை பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோடு எங்கே போடப்படுகிறது, எது சோதிக்கப்படுகிறது, தோற்றவர் எத்தனை பேர் என்பதை மையத்துக்கு வெளியே உள்ள ஒருவர் பார்த்தாக வேண்டும். மையத்தில் பயின்றவர்களிலும் ஒரு பங்கினரையாவது, முன்கூட்டிச் சொல்லாமல் தேர்ந்தெடுத்து, அரசின் ஆய்வாளர் உண்மையான சாலையில் சோதிக்கட்டும். மையம் வாரியாக முடிவுகளை ஆண்டுதோறும் பலகையில் எழுதி வாசலில் வைக்கட்டும். 29 மணிநேரத்தையும் நேர்மையாகச் செலவிடும் மையத்துக்கு அந்தப் பலகையைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது.