பின்வளவில் ஒரு விளக்கு

2003 ஐப்பசியில் எங்கள் லண்டன் வீட்டின் பின்வளவில் அப்பா ஒரு விளக்குக் கம்பம் நட்டார். இடுப்பளவு உயரமான இரும்புக் கம்பம், மேலே கண்ணாடிக் கூடு. கொட்டிலில் இருந்த மின்சாரத்திலிருந்து, வீட்டுச் சுவருக்குள் ஓடவேண்டிய சாம்பல் நிறத் தட்டை வயரை இழுத்து, புல்லுக்கு அடியில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்தார். நீளம் போதவில்லை. நடுவில் ஒட்டுப் போட்டு டேப் சுற்றினார். சிவப்பையும் கறுப்பையும் பூட்டிவிட்டு, மூன்றாவதாக இருந்த எர்த் கம்பியை வெட்டிவிட்டார். ஊரில் எங்கள் பழைய வீட்டு விளக்குகளுக்கு இரண்டு கம்பிதான் ஓடியது.

"இங்கையாவது வளவுக்க ஒரு லைற் எரியட்டும்" என்றார்.

அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். 1990இல் போர் மறுபடி தொடங்கிய பின் யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தங்கம் விலை. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவு எண்ணெய், ஒரு திரி. அந்த வெளிச்சத்தில்தான் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியை ஒருவர் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். முற்றத்தில் விளக்கு வைப்பது என்ற பேச்சே இல்லை. பொம்மர் இரைச்சல் கேட்டால் அம்மா உள்ளே எரிகிற திரியையும் ஊதி அணைத்துவிடுவா.

விளக்கு நட்டு இரண்டு கிழமையில் மழை பெய்தது. உடுப்பு எடுக்கப் போன அம்மா, சறுக்காமல் இருக்கக் கம்பத்தைப் பிடித்தா. கை விறைத்து, தோள்வரை ஏறியது என்றா. காலில் இறப்பர் செருப்பு. "சின்ன ஷொக்தான், ஈரம்" என்றார் அப்பா. அன்றிரவு அவர் நித்திரை கொள்ளவில்லை. விடியமுன் எழும்பி வயரைக் கழற்றினார்.

அந்தக் கம்பத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளத் தொடங்கிய வாசிப்பு, என்னை ஒரு நூற்றாண்டுக்கும் அதிகமான வரலாற்றுக்குள் கொண்டுபோய் விட்டது. வீட்டுக்கு மின்விளக்கு வந்த கதை எங்கும் எழுதப்பட்டிருக்கிறது. அந்த மின்சாரத்தை ஈர மண்ணில் நிற்கிற மனிதரிடமிருந்து விலக்கி வைக்கக் கற்றுக்கொண்ட கதை அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை.

இங்கிலாந்தின் வடக்கே நோதம்பர்லாந்தில் கிராக்சைட் என்ற மாளிகை இருக்கிறது. பீரங்கி செய்து செல்வந்தரான வில்லியம் ஆம்ஸ்ட்ரோங்கின் வீடு. 1878இல் தன் காணியில் ஓடிய நீரின் விசையால் மின்சாரம் எடுத்து, ஓவியக்கூடத்தில் ஒரு ஆர்க் விளக்கை எரித்தார். 1880இல் ஜோசப் ஸ்வானின் இழை விளக்குகள் அங்கே வந்தன. நூலகத்தில் செப்பின்மேல் எனாமல் பூசிய பூச்சாடிகளில் அவற்றைப் பொருத்தினார்கள். சாடியின் அடியில் நீண்டிருக்கும் கம்பி ஒரு கிண்ணத்துப் பாதரசத்தில் தோயும். தூக்கினால் விளக்கு அணையும், வைத்தால் எரியும். மின்சாரம் திரும்பிப் போகும் வழி சாடியின் செப்பு உடம்புதான். இன்று எந்தப் பரிசோதகரும் அனுமதிக்கமாட்டார். அன்று அது நாகரிகத்தின் உச்சம்.

1881இல் சரே மாவட்டத்தின் கொடால்மிங் என்ற சிற்றூரில், வே ஆற்றின் நீர்ச்சக்கரத்தால் தெருவுக்கும் வீடுகளுக்கும் மின்சாரம் கொடுத்தார்கள். தெருவைத் தோண்டச் சட்டம் இடம் தரவில்லை. அதனால் கேபிளைத் தெருவோர வடிகாலில் கிடத்தினார்கள்! மழைநீர் ஓடுகிற அதே வடிகாலில். மூன்று ஆண்டுகளில் ஊர் மறுபடி எரிவாயு விளக்குக்குத் திரும்பியது. வடிகாலைப் பற்றி வாசித்தபோது, ஒரு சாண் ஆழத்தில் அப்பா புதைத்த வயர்தான் என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

1882இல் பிரித்தானிய மின்பொறியாளர் சங்கம் தன் முதல் விதிகளை வெளியிட்டது. சில பக்கங்கள்தான். தலைப்பே மின்விளக்கால் வரும் தீ ஆபத்தைத் தடுப்பது பற்றியது. வீடு எரிந்துவிடக்கூடாது என்பதுதான் முதல் பயம். பியூஸ் என்ற கருவியும் அந்தப் பயத்தின் பிள்ளைதான். வயரில் அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் வயர் சூடேறித் தீப்பிடிக்கும். அதற்கு முன் பியூஸ் உருகிவிடும்.

ஆனால் மனிதர் சாக அவ்வளவு மின்சாரம் தேவையில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் டால்ஸீல் என்ற பேராசிரியர், தாமாக முன்வந்தவர்களின் கையில் கம்பியைக் கொடுத்து, மின்சாரத்தை மெல்ல மெல்லக் கூட்டிப் பார்த்தார். எந்த அளவில் பிடித்த கையை விடமுடியாமல் போகிறது என்பது கேள்வி. ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி அம்பியர், பெண்களுக்கு அதிலும் குறைவு. நெஞ்சு வழியே அதைவிடச் சில மடங்கு போனால் இதயத்தின் தாளம் குலையும். 5 அம்பியர் பியூஸ் என்றால் 5000 மில்லி அம்பியர். கம்பத்தைப் பிடித்தபடி ஒருவர் இறந்துபோனாலும் அந்தப் பியூஸ் உருகாது. எங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் இருந்தவை அத்தகைய பியூஸ்கள்தான்.

இதற்கு விடை 1950களில் வந்தது. ஊரில் நாங்கள் "ட்ரிப் சுவிட்ச்" என்கிறோமே, அதுதான். தென்னாப்பிரிக்காவில் ஹென்றி ரூபின் முதலில் தங்கச் சுரங்கங்களுக்காகவும் பின்னர் வீடுகளுக்காகவும் அதை உருவாக்கினார். டால்ஸீல் 1961இல் அமெரிக்காவுக்கான கருவியைச் செய்தார். அது எளிமையான கணக்குப்பிள்ளை. போன மின்சாரமும் திரும்பி வந்ததும் சமமா என்று பார்க்கும். குறைந்தால், மிச்சம் யாருடைய உடம்பு வழியாகவோ மண்ணுக்குள் போகிறது என்று எடுத்துக்கொண்டு துண்டித்துவிடும். இன்று வீடுகளில் உள்ளது 30 மில்லி அம்பியர் கசிவுக்கே, ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் விழவேண்டும்.

எங்கள் கம்பத்துக்கு வருகிறேன். மழைநீர் ஒட்டுக்குள் இறங்கியிருக்கிறது. ஈரத்தின் வழியே மின்சாரம் இரும்பில் ஏறியிருக்கிறது. எர்த் கம்பி இருந்திருந்தால் அதில் கசிந்து போயிருக்கும், வெட்டியாயிற்று. ட்ரிப் சுவிட்ச் இருந்திருந்தால் விழுந்திருக்கும், இல்லை. அம்மாவுக்கும் மண்ணுக்கும் நடுவில் மிஞ்சியது ஒரு சோடிச் செருப்பு.

அப்பா ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். வந்தவர் பெட்டியைத் திறக்கமுன் ஒரு கடதாசி கேட்டு வளவைப் படமாக வரையச் சொன்னார். இருட்டில் கால் எங்கே போகும்? படி எங்கே? எதிர்காலத்தில் மண்வெட்டி எங்கே விழும்? பிறகுதான் விளக்கைப் பற்றிப் பேச்சு. புது ட்ரிப் சுவிட்ச், எஃகுக் கவசம் சுற்றிய கேபிள், 600 மில்லிமீற்றர் ஆழம், மேலே மஞ்சள் எச்சரிக்கை நாடா, நீர் புகாத இணைப்புப் பெட்டி. ஆழமாகத் தோண்ட விருப்பமில்லையென்றால் இன்னொரு வழி உண்டு என்றார்: வீட்டுக்குள்ளேயே மின்மாற்றி வைத்து 12 வோல்ட்டாகக் குறைத்து வெளியே அனுப்புவது. தொட்டாலும் ஆபத்தில்லை. ஆனால் அன்றைய ஹலோஜன் பல்புகளுக்கு அதில் ஒரு சிக்கல். 60 வாட் என்றால் 5 அம்பியர் ஓடவேண்டும், 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 20 மீற்றர் போவதற்குள் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2.4 தொலைந்துவிடும். கடைசி விளக்கு மங்கி எரியும். இன்றைய எல்ஈடிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும், இழப்பும் அப்படியே சுருங்கிவிடும்.

அடுத்த ஆண்டே இந்த நாட்டின் வயர் நிறங்கள் மாறத் தொடங்கின. சிவப்பு பழுப்பானது, கறுப்பு நீலமானது. பிரித்தானியர் இலங்கைக்குக் கொண்டுவந்த சிவப்பும் கறுப்பும்தான் அப்பா அறிந்த மின்சாரம். அவை பிறந்த இடத்திலேயே இல்லாமல் போயின. 2005 தை முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வளவுக்குப் புது மின்விளக்குப் போடுவது பதிவுபெற்றவர் செய்யவேண்டிய, அல்லது உள்ளூராட்சிக்கு அறிவிக்கவேண்டிய வேலையானது. 2013இல் இங்கிலாந்தில் அந்த விதி தளர்ந்தது. புதிய சுற்று இழுத்தால் மட்டும் இன்றும் அறிவிக்கவேண்டும். கெடுபிடி என்று அலுத்துக்கொள்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் அலுத்துக்கொள்ளவில்லை.

படம் வரைந்து முடிந்தபின் எலக்ட்ரீஷியன் கடைசியாக ஒன்று கேட்டார்: சுவிட்ச் எங்கே வேண்டும்? அப்பா கொட்டிலைக் காட்டினார். அதுவரை பேசாமல் நின்ற அம்மா என்னிடம் திரும்பினா.

"தம்பி, குசினிக் கதவடியில வைக்கச் சொல்லு. எனக்குக் கையெட்டிற இடத்தில."

எங்கள் வீட்டுக்கு மேலாலதான் ஹீத்ரோவுக்கு விமானங்கள் இறங்கும். முதல் சில மாதங்கள், இரைச்சல் கிட்ட வரும்போது அம்மாவின் கை அந்தச் சுவிட்சுக்குப் போகும். வளவு இருண்டு, விமானம் போனபின் மறுபடி ஒளிரும். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். மின்கட்டணத்துக்கு நல்லது என்பார், அவ்வளவுதான். எப்போது அவ அதை நிறுத்தினா என்று எனக்கு நினைவில்லை. சுவிட்ச் இன்னும் குசினிக் கதவடியில்தான் இருக்கிறது.