ஃபீல்ட் மானிட்டர்: யாரோட கண்ணுக்கு?

ஃபீல்ட் மானிட்டர் வாங்கணும், அஞ்சு இன்ச் போதுமா, ஏழு இன்ச் வேணுமான்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. பதில் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னாடி போகணும். இந்தப் பெட்டி ஷூட்டிங் ஸ்பாட்டுக்குள்ள யாருக்காக வந்துச்சுன்னு தெரிஞ்சா, உங்க கேள்வியில பாதி தானா தீர்ந்துடும்.

சினிமா பிறந்து அரை நூற்றாண்டுக்கு மேல, ஷாட் ஓடிட்டிருக்கும்போது ஃப்ரேமைப் பார்த்த ஆள் ஒருத்தர்தான்: கேமரா ஆபரேட்டர். அவரும் சரியா பார்க்கல. ஹாலிவுட்ல ரொம்ப காலம் ஆண்ட மிட்செல் கேமராவில, ஃப்ரேம் வைக்கறப்போ கேமராவோட உடம்பைப் பக்கவாட்டில் தள்ளி லென்ஸ் வழியா பார்க்கலாம். எடுக்கறதுக்கு முன்னாடி அதைத் திரும்ப நகர்த்தி, ஃபிலிமை லென்ஸுக்குப் பின்னால கொண்டு வந்துடணும். அப்புறம் பக்கத்துல ஒட்டியிருக்கிற தனி வியூஃபைண்டர்தான் கதி.

1937-ல ஜெர்மனியோட அர்னால்ட் அண்ட் ரிக்டர் கம்பெனி அர்ரிஃப்ளெக்ஸ் 35 கேமராவைக் கொண்டு வந்தது. ஷட்டர் மேலயே கண்ணாடி, அது சுழலும். ஷட்டர் மூடும்போது வெளிச்சம் வியூஃபைண்டருக்குப் போகும், திறக்கும்போது ஃபிலிமுக்குப் போகும். யோசிச்சுப் பாருங்க, ஃபிலிம்ல பதிஞ்ச அந்தக் கணத்துல ஆபரேட்டர் கண்ணுக்கு இருட்டு. அவர் பார்த்ததெல்லாம் பதியாத கணங்கள். எனக்கு ரொம்பப் பிடிச்ச தகவல் இது.

டைரக்டர்? கேமரா பக்கத்துல நின்னு நடிகரை நேரா பார்ப்பார். கட் சொன்னதும் ஆபரேட்டர் முகத்தைப் பார்ப்பார். அவர் தலையாட்டினா ஓகே. லேப்ல இருந்து ரஷ் வந்தப்புறம்தான் உண்மை தெரியும்.

தானே நடிச்சு தானே டைரக்ட் பண்ற ஆளுக்கு இது ஒத்துவராது. சாப்ளின் மாதிரி சொந்த ஸ்டுடியோ இருந்தா திரும்பத் திரும்ப எடுக்கலாம். 1960-ல மயாமி பீச்சுல ஃபவுண்டன்ப்ளூ ஹோட்டல்ல, 'தி பெல்பாய்' படத்தைச் சில வாரத்துல முடிக்க வேண்டியிருந்த ஜெர்ரி லூயிஸுக்கு அந்த வசதி இல்ல. ஃபிலிம் கேமராவோட ஒரு டிவி கேமராவையும் சேர்த்துப் பொருத்தி, தன் நடிப்பை மானிட்டர்ல பார்த்தார். அவர்தான் இதைக் கண்டுபிடிச்சார்னு அடிச்சுச் சொல்றவங்க உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். டிவிக்காரங்ககிட்ட மானிட்டர் ஏற்கனவே இருந்துச்சு. சினிமாவுல அதைப் பழக்கமாக்கினவர்னு சொன்னா போதும்.

ஒரு சிக்கல்: பக்கத்துல வெச்ச டிவி கேமரா பார்க்கிற கோணம் வேற, லென்ஸ் பார்க்கிற கோணம் வேற. ஜிம் சாங்கர்ங்கிற இன்ஜினியர், லென்ஸ் வழியா வர்ற வெளிச்சத்தையே பிரிச்சு வீடியோ கேமராவுக்கும் கொடுத்தார். 1968-ல வந்த 'தி பார்ட்டி' படத்துல டைரக்டர் பிளேக் எட்வர்ட்ஸ் அதைப் பயன்படுத்தினார். பீட்டர் செல்லர்ஸ் இந்திய நடிகரா முகத்துல பழுப்புச் சாயம் பூசிட்டு வர்ற படம். இன்னிக்கு அதைப் பார்க்க நெளியுது, அது தனி எபிசோட். ஆனா வேலை நடந்த விதம் புதுசு. காமெடியை ஸ்பாட்டுலயே உருவாக்கி, டேப்ல போட்டுப் பார்த்து, அதுக்கு மேல அடுத்த காமெடியைக் கட்டினாங்க.

கொப்போலா இதை எல்லை வரைக்கும் கொண்டு போனார். 1982-ல வந்த 'ஒன் ஃப்ரம் தி ஹார்ட்'. செட்டுக்கு வெளிய ஒரு வெள்ளி நிற டிரெய்லர், உள்ள வரிசையா மானிட்டர், அங்கிருந்தே ஒலிபெருக்கியில நடிகர்களுக்குச் சொன்னார். சுமார் 26 மில்லியன் டாலர் செலவு, தியேட்டர் வசூல் 1 மில்லியனைக்கூட தொடல. மானிட்டரால படம் விழுந்துச்சுன்னு சொல்லல, காரணங்கள் பல. ஆனா கேமராவோரம் நின்ன டைரக்டர் எழுந்து போயிட்டார். நடிகர் வசனத்தை முடிச்சுட்டு நிமிர்ந்தா, எதிர்ல ஒரு முகம் இல்ல. எனக்கு இந்தக் கதையில உறுத்துற இடம் இதுதான்.

இதுவரைக்கும் மானிட்டர் டைரக்டரோட கண். கேமராக்காரருக்கே அது கண்ணாக மாறினது, நம்ம தலைமுறையில 2008-ல. கேனான் 5டி மார்க் 2. வீடியோ எடுக்கும்போது உள்ள இருக்கிற கண்ணாடி மேல தூக்கிக்கும், வியூஃபைண்டர் மொத்தமா இருட்டு. பின்னாடி இருக்கிற 3 இன்ச் ஸ்கிரீன்தான். வெயில்ல அதுல உங்க மூஞ்சிதான் தெரியும். ஃபுல் ஃப்ரேம் சென்சார்ல ஃபோக்கஸ் ஒரு விரல் நகர்ந்தாலும் கண் போய் காது ஷார்ப்பா நிக்கும். கேமரா மேல மாட்டுற சின்ன மானிட்டர்களுக்குச் சந்தை அப்போதான் சூடு பிடிச்சது.

சரி, உங்க கேள்விக்கு வரேன். மானிட்டருக்கு இப்போ ரெண்டு வேலை. டைரக்டருக்கு நடிப்பைக் காட்டணும். கேமராக்காரருக்கு ஃபோக்கஸையும் எக்ஸ்போஷரையும் அளந்து சொல்லணும். கேமராவோட சேர்ந்து கையில பிடிச்சு ஓடறவங்களுக்கு அஞ்சு இன்ச், கனம் முக்கியம். நாலு பேர் சுத்தி நின்னு பார்க்கணும்னா ஏழு இன்ச்சுக்குக் குறையாம. வெளிப்புறம்னா 1000 நிட்ஸுக்குக் கீழ போகாதீங்க. இருட்டுன ரூமுக்குள்ள 400, 500 தாராளம். பிரைட்னஸை ஏத்தி வெச்சு எக்ஸ்போஷர் முடிவு பண்ணாதீங்க. படம் வெளிச்சமா இருக்கேன்னு அப்பர்ச்சரை மூடிடுவீங்க, எடிட்ல இருட்டா வந்து நிக்கும். வேவ்ஃபார்ம், ஃபால்ஸ் கலர் இல்லாத மானிட்டர் எவ்வளவு மலிவா கிடைச்சாலும் வேண்டாம்.

ஒண்ணுதான் வாங்க முடியும், டைரக்டரும் கேமராமேனும் வேற வேற ஆளுன்னா? நான் கேமராமேனுக்குத்தான் வாங்குவேன். டைரக்டர் பக்கத்துல வந்து நிக்கட்டும். ஒரு ஸ்பேர் ஹெச்டிஎம்ஐ கேபிளும் வாங்கி வைங்க, ஷூட்ல முதல்ல போறது அதுதான்.