பிரசவத்திற்குப் பின் கருத்தடை: எப்போது, எந்த முறை?

குழந்தை பிறந்த பின், மாதவிடாய் திரும்பும் வரை கருத்தரிக்காது என்று பலர் நம்புகின்றனர். இது சரியன்று. கருமுட்டை வெளிப்பட்டு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கழித்தே மாதவிடாய் ஏற்படுகிறது. எனவே, முதல் மாதவிடாயைக் காணாமலேயே நீங்கள் மீண்டும் கருவுறக்கூடும். தாய்ப்பால் கொடுக்காத பெண்களுக்குப் பிரசவமான நான்கு வாரங்களிலேயே கருமுட்டை வெளிப்பட வாய்ப்புண்டு.

இடைவெளி ஏன் தேவை?

ஒரு குழந்தை பிறந்த பின் அடுத்த கருத்தரிப்பிற்குக் குறைந்தது 24 மாதங்கள் இடைவெளி வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. விரைவில் மீண்டும் கருவுற்றால் தாய்க்கு இரத்தசோகையும், குழந்தைக்குக் குறைமாதப் பிறப்பு, எடைக் குறைவு ஆகிய ஆபத்துகளும் கூடுகின்றன. சிசேரியன் செய்துகொண்டவர்களுக்குக் கருப்பைத் தழும்பு நன்கு ஆறவும் இவ்விடைவெளி அவசியம்.

தாய்ப்பால் மட்டும் போதுமா?

பின்வரும் மூன்று நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேறினால் மட்டுமே தாய்ப்பாலூட்டல் நம்பகமான கருத்தடையாகும்:

• குழந்தைக்கு ஆறு மாதம் நிறைவடையாதிருத்தல்
• பகலிலும் இரவிலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தல்
• மாதவிடாய் திரும்பாதிருத்தல்

இவற்றுள் ஒன்று தவறினாலும் உடனடியாக வேறு முறைக்கு மாற வேண்டும்.

எந்த முறையை எப்போது தொடங்கலாம்?

• காப்பர்-டி: பிரசவமான 48 மணி நேரத்திற்குள், அல்லது ஆறு வாரங்களுக்குப் பின். தாய்ப்பாலைப் பாதிக்காது. காப்பர்-டி 380ஏ பத்து ஆண்டுகள் வரை பயனளிக்கும், விரும்பும்போது அகற்றிக்கொள்ளலாம்.
• சாயா மாத்திரை: ஹார்மோன் அற்றது, பாலூட்டும் தாய்மாரும் பிரசவமானவுடன் தொடங்கலாம். முதல் மூன்று மாதங்கள் வாரம் இருமுறை, பின்னர் வாரம் ஒருமுறை உட்கொள்ள வேண்டும்.
• அந்தரா ஊசி: பாலூட்டுவோர் ஆறு வாரங்களுக்குப் பின், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை. நிறுத்திய பின் கருத்தரிக்கச் சில மாதங்கள் தாமதமாகலாம்.
• கலப்பு ஹார்மோன் மாத்திரை: பாலூட்டுவோர் ஆறு மாதங்களுக்கு முன் தொடங்கக்கூடாது.
• ஆணுறை: உறவைத் தொடங்கும் நாளிலிருந்தே. பால்வினை நோய்களிலிருந்தும் பாதுகாக்கும்.
• பெண்களுக்கான நிரந்தரக் கருத்தடை: பிரசவமான ஏழு நாட்களுக்குள், அல்லது ஆறு வாரங்களுக்குப் பின்.
• ஆண்களுக்கான நிரந்தரக் கருத்தடை: எந்நேரமும் செய்துகொள்ளலாம். எளிய சிகிச்சையே எனினும், முதல் மூன்று மாதங்கள் வேறு முறையையும் பின்பற்ற வேண்டும்.

முடிவைக் கர்ப்ப காலத்திலேயே எடுங்கள்

பிரசவ வலியின்போது நிதானமாக முடிவெடுப்பது கடினம். ஆகவே கர்ப்பகாலப் பரிசோதனைக்குச் செல்லும்போதே கணவருடன் கலந்து பேசி, உங்கள் விருப்பத்தை மருத்துவரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ தெரிவியுங்கள். உயர் இரத்த அழுத்தம், இரத்தம் உறைதல், ஒற்றைத் தலைவலி இருப்பின் தவறாமல் கூறுங்கள். உங்கள் சம்மதமின்றி எந்த முறையும் மேற்கொள்ளப்படக்கூடாது.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

காப்பர்-டி பொருத்திய பின் காய்ச்சல், கடும் அடிவயிற்று வலி, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், மிகுந்த இரத்தப்போக்கு ஏற்பட்டாலும், காப்பர்-டி வெளியேறிவிட்டதாக ஐயம் எழுந்தாலும் தாமதிக்காதீர்கள்.

கருத்தடைச் சேவைகள் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.