துபாஷிகள் – 19: தமிழ் தெரியாத டைரக்டர்

ஒரகடம் கூட்ரோட்டில் காலை ஐந்தே முக்காலுக்கு நின்று பார்த்தால், இந்தத் தொடரை எதற்காக எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே விளங்கிவிடும். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டை இறக்குகின்றன. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை. செய்யாறு, வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துப் பையன்கள். ஒடியாவும் இந்தியும் பேசுகிறவர்கள். நடுநடுவே வெள்ளை ஹெல்மெட்டோடு கொரியாக்காரர், ஜப்பான்காரர், ஜெர்மன்காரர். இவர்களுக்கு நடுவில் ஒரு புது ஜாதி துபாஷி இருக்கிறது. வாலாஜாபாத்தில் பிறந்து, சென்னைக்குப் போய் ஜப்பான் மொழி கற்று, திரும்பி வந்து பேச்சைப் பெயர்க்கிற பெண்.

அப்படி ஒருவரைத்தான் டீக்கடையில் பார்த்தேன். புது மிஷினை ஓட்டிக் காட்ட மூன்று மாதத்துக்கு வந்திருக்கும் ஜப்பானிய இன்ஜினியருக்கு அவர் வாய். "பாதி நேரம் எனக்கு வேலையே இல்ல சார்" என்றார். "பையன் போல்ட் முடுக்கும்போது அவர் பேசவே மாட்டார். டார்க் ரெஞ்ச்ல 'க்ளிக்'னு ஒரு சத்தம் வரும்ல, அதுக்குக் காதைக் குடுத்துட்டு நிப்பார். சரியில்லன்னா அவர் புருவமே சொல்லிடும். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பையன் கழட்டி மறுபடி முடுக்கறான்."

அதோடு ஒரு கேள்வியும் கேட்டார். இன்ஜினியருக்குப் பழைய தமிழ்ப் படம் ஒன்று பார்க்க ஆசையாம். சப்டைட்டில் இல்லாவிட்டாலும் புரிய வேண்டும். எதைக் காட்டலாம்?

"மந்திரி குமாரி" என்றேன், யோசிக்காமல். "அதை எடுத்த டைரக்டருக்கும் தமிழ் தெரியாது."

கடந்த வாரங்களில் ஆனந்தரங்கப் பிள்ளை தொடங்கி, துரைமார்களுக்கு நாக்காக இருந்தவர்களைப் பார்த்தோம். இந்த வாரம் துபாஷி இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாத ஒருவரைப் பார்ப்போம். எல்லிஸ் ஆர். டங்கன். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து பார்ட்டன் என்ற ஊரில் 1909-ல் பிறந்தவர். லாஸ் ஏஞ்சலீஸின் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், ஹாலிவுட்டின் வாசலிலேயே உட்கார்ந்து, சினிமா படித்தவர். அங்கே அவருக்கு வாய்த்த வகுப்புத் தோழர் மாணிக்லால் டாண்டன். அவர் கூப்பிட்டதால் 1935-ல் கப்பலேறினார். சில மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர் 15 ஆண்டு இருந்தார்.

வந்த நேரம் எப்படிப்பட்டது? தமிழ் பேசும் படத்துக்கு அப்போது நான்கு வயது. முதல் படமான 'காளிதாஸி'ல் (1931) நாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். சனங்கள் அதையும் கொண்டாடிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வந்தவையும் பெரும்பாலும் நாடகக் கொட்டகையை அப்படியே பெயர்த்து வைத்தவைதான். கேமரா முதல் வரிசையில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்த ரசிகனைப் போல அசையாமல் இருக்கும். பாட்டுகள் டஜன் கணக்கில். பாடகர் நின்று பாடுவார், நாம் உட்கார்ந்து கேட்போம். கே.பி.சுந்தராம்பாளுக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்து எடுத்த 'நந்தனார்' (1935) டாண்டன் இயக்கியதுதான். அந்தப் படப்பிடிப்பில் டங்கனும் கை கொடுத்தார். அடுத்து வந்த வாய்ப்பை டாண்டன் நண்பருக்கே விட்டுக்கொடுத்தார்.

அது 'சதி லீலாவதி' (1936). ஆனந்த விகடனில் எஸ்.எஸ்.வாசன் தொடராக எழுதிய கதை. குடியால் கெட்டு, கொலை செய்துவிட்டோம் என்று பயந்து இலங்கைக்கு ஓடி, தோட்டத்தில் கூலியாக உழைக்கிற பணக்காரன். அந்த வேடத்தில் எம்.கே.ராதா. எம்.ஜி.ஆர்., டி.எஸ்.பாலையா இருவருக்கும் திரையில் இதுதான் தொடக்கம். எம்.ஜி.ஆருக்கு வயது 19, வேடம் இன்ஸ்பெக்டர். பின்னாளில் ஒரு மாநிலத்தையே ஆண்டவரை முதன்முதலில் கேமரா முன் நிறுத்தியவருக்கு அவர் பேசிய வசனத்தில் ஒரு சொல் புரியாது. அதே 1936-ன் தொடக்கத்தில்தான் அமெரிக்காவில் சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' வெளியானது: ஓடும் பெல்ட்டின் முன் நட்டு முடுக்கி முடுக்கிக் கை நிற்காமல் போன தொழிலாளி. அதில் சாப்ளின் யாரிடமும் பேசுவதில்லை. ஒரகடத்தில் அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாது!

டங்கன் எப்படி வேலை பார்த்தார்? வசனத்தை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கையில் வைத்துக்கொள்வார். பக்கத்தில் தமிழ் தெரிந்த உதவியாளர்கள். சொல் பிசகியதா, 'ழ' வழுக்கியதா என்பது அவர்கள் பாடு. முகம், நிற்கும் இடம், விளக்கு விழும் கோணம், எந்த இடத்தில் வெட்டுவது என்பதெல்லாம் இவர் பாடு. எனக்குத் தோன்றுவது இதுதான்: தமிழ் தெரிந்திருந்தால் அவரும் நம் மற்ற டைரக்டர்களைப் போல வசனத்தில் சொக்கிப்போயிருப்பார். தெரியாததால் பார்த்துக்கொண்டே இருந்தார். வாய் என்ன சொல்கிறது என்று புரியாதவனுக்குக் கண் என்ன சொல்கிறது என்பதுதானே பிடிமானம்?

இதைச் சொன்னதும் 'வெள்ளைக்காரன் வந்துதான் நமக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தான்' என்று ஒரு கூட்டம் கிளம்பும். அது அபத்தம். ராஜா சாண்டோ இருந்தார். 'பாலயோகினி'யும் 'தியாக பூமி'யும் எடுத்த கே.சுப்ரமணியம் இருந்தார். டங்கனின் நல்ல படங்கள் எதையுமே அவர் தனியாகச் செய்யவில்லை.

'அம்பிகாபதி'யை (1937) எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்த டங்கன் படங்களில் இது இரண்டாவது. கம்பர் மகன் சோழ இளவரசியைக் காதலித்துக் கழுத்தைக் கொடுத்த கதை. எம்.கே.தியாகராஜ பாகவதரும் எம்.ஆர்.சந்தானலட்சுமியும். எழுதியவர் இளங்கோவன், மணிக்கொடிக் காலத்து எழுத்தாளர், இயற்பெயர் தணிகாசலம். டங்கன் அவரிடம் கொடுத்தது 'ரோமியோ ஜூலியட்'. ஹாலிவுட்டில் ஜார்ஜ் கியூகர் அதைப் படமாக்கி வெளியிட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. இந்த மாதிரிக் காதல் பேச்சு வேண்டும் என்பது டங்கனின் கட்டளை. இளங்கோவன் ஷேக்ஸ்பியரை வாங்கிக் கம்பன் வீட்டுப் பிள்ளையின் வாயில் வைத்தார். மேடைத் தமிழின் 'ஸ்வாமி, நாதா' எல்லாம் பின்வாங்கி, காதலர்கள் காதலர்களாகப் பேசிக்கொண்டார்கள். படத்துக்குப் போகிறவர்கள் வசனம் எழுதியவர் பெயரைக் கவனிக்க ஆரம்பித்தது இளங்கோவனில் இருந்துதான். தமிழே தெரியாத டைரக்டரால் தமிழ் வசனத்துக்கு மதிப்பு வந்த வேடிக்கையை என்னவென்பது! ஆனால் இதில் நிஜமான துபாஷி யார் என்று கேட்டால் இளங்கோவனைத்தான் சொல்வேன். டங்கன் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைக் காட்டினார். அதைத் தமிழ் ரத்தத்தில் ஓடவைத்தவர் இவர். பாட்டுகள் பக்கம் டங்கனுக்கு வேலையே இல்லை. அது பாபநாசம் சிவன், பாகவதர் ராஜ்ஜியம்.

'சகுந்தலை'யில் (1940) எம்.எஸ்.சுப்புலட்சுமியும் ஜி.என்.பாலசுப்ரமணியமும். 'காளமேக'த்தில் (1940) நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளை கவியாக. இவற்றை வேகமாகத் தாண்டிப் போகிறேன்; 'மீரா'வில்தான் நிற்க வேண்டும்.

'மீரா' 1945 தீபாவளிக்கு வந்தது. பிறகு இந்தியிலும் வந்தது; எம்.எஸ்ஸை வடநாட்டுக்குச் சரோஜினி நாயுடு அறிமுகப்படுத்தியது அதில்தான். எல்லோரும் அந்தப் படத்தின் குரலைப் பற்றிப் பேசுவார்கள். கல்கி எழுதிக் கொடுத்த பாட்டை இன்றைக்கும் முணுமுணுப்பார்கள். எனக்கோ அந்த முகம்தான் அதிசயம். எம்.எஸ்ஸின் தலையைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் சிலையாக வார்த்து வைத்துக்கொண்டு, டங்கனும் கேமராமேன் ஜிதேன் பானர்ஜியும் விளக்கை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்திருக்கிறார்கள். மேலிருந்து அடித்தால் கன்னத்தில் எங்கே நிழல், பக்கத்தில் இருந்து அடித்தால் மூக்கு எப்படி, கேமராவை எவ்வளவு தாழ்த்தலாம் என்று. உயிரோடு நடிக்கிறவரை மணிக்கணக்கில் நிற்க வைக்க முடியாது, சிலை நிற்கும். கணக்கெல்லாம் முடிந்த பிறகு அதே விளக்குகளில் எம்.எஸ். வந்து நின்றார். இன்று படத்தை ஓட்டிவிட்டு ஒலியை அணைத்துப் பாருங்கள் (பாவம்தான், ஒரு நிமிடம் செய்து பாருங்கள்). பாட்டு இல்லாமலேயே அந்த முகம் எங்கோ போய்க்கொண்டிருப்பது தெரியும். பாட்டின் நடுவிலேயே சிறுமி மீரா வளர்ந்து எம்.எஸ். ஆகிவிடுகிற இடமும் அப்படித்தான். சிறுமியாக நடித்தது எம்.எஸ்ஸின் கணவர் சதாசிவத்தின் மகள் ராதா. 'பல ஆண்டுகள் கழிந்தன' என்று ஓர் அட்டை போட வேண்டிய இடத்தை ஒரு பாட்டால் கடந்துவிட்டார்கள்.

இருந்தும் என் முதல் இடம் 'மந்திரி குமாரி'க்கு (1950). அதே ஆண்டில் பாரதிதாசன் காவியத்தை வைத்து டங்கன் மாடர்ன் தியேட்டர்ஸுக்கு எடுத்த 'பொன்முடி'யில் காதல் காட்சிகள் எல்லை மீறுகின்றன என்று சத்தம் எழுந்தது. 'மந்திரி குமாரி'யும் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படம்தான். டங்கன் பாதியில் அமெரிக்கா கிளம்பிவிட, முதலாளி டி.ஆர்.சுந்தரமே முடித்தார். இயக்கம் என்ற இடத்தில் இரண்டு பெயர்களும் உண்டு. வசனம் மு.கருணாநிதி, அப்போது அவருக்கு 26 வயது. கதை குண்டலகேசியில் இருந்து வந்தது. பெரும்பகுதி அழிந்துபோன ஒரு பௌத்த காப்பியத்தின் கதை திராவிட இயக்க வசனத்தில் உயிர் பெற்று, ஓஹையோக்காரர் கேமராவுக்கு முன் வந்து நின்றது.

வசனம் நெருப்பாக ஓடுகிற தர்பார் காட்சிகளில் கேமரா கைகட்டி நிற்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலைக்காட்சி வேறு. ராஜகுருவின் மகன் பார்த்திபன் (எஸ்.ஏ.நடராஜன்), பகலில் பெரிய மனிதன், இரவில் கொள்ளைக்காரன். தன் குட்டு தெரிந்த மனைவி அமுதவல்லியை (மாதுரி தேவி) மலை உச்சிக்கு அழைத்துப் போகிறான். பாட்டு கொஞ்சுகிறது, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. குரல் வா வா என்கிறது, கால்கள் பாறை விளிம்பை நோக்கிப் போகின்றன. அவள் புரிந்துகொள்கிறாள். சாவதற்கு முன் கணவனை மூன்று முறை வலம் வர அனுமதி கேட்கிறாள். மூன்றாவது சுற்றில், அவன் முதுகுப் பக்கம் வரும்போது, தள்ளிவிடுகிறாள்.

ஊர் திரும்பிய டங்கன் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் குடியேறினார். வீலிங் இரும்பு ஆலைகளின் ஊர். அங்கே கம்பெனி தொடங்கித் தொழில் நிறுவனங்களுக்கும் அரசுக்கும் ஆவணப் படங்கள் எடுத்தார். பாகவதரையும் எம்.எஸ்ஸையும் படம் பிடித்த கண் அதன்பின் ஆலைகளுக்குத் திரும்பியது. 2001-ல் அவர் சுயசரிதை வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 1-ல் இறந்தார். ஒரகடத்து ஷெட்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாள் போட்டுக் காட்டுகிறார்களே, ஹெல்மெட் எப்படிப் போட வேண்டும், எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று, அந்தப் படங்களுக்கு ஒருவகையில் தூரத்துச் சொந்தக்காரர்.

பத்து நாள் கழித்து அதே டீக்கடையில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

"பார்த்துட்டார் சார். முழுப் படம் இல்ல, மலை சீன் மட்டும் ரெண்டு தடவை. கொல்லத்தான் கூட்டிட்டுப் போறான்னு அவருக்கு மொதல்லயே புரிஞ்சிடுச்சு. எனக்கு முன்னாடி சொல்லிட்டார்."

"வேறு எதுவும் கேட்கவில்லையா?"

"ஒண்ணு கேட்டார். எதுக்கு மூணு தடவை சுத்தறான்னு." அவர் டீ கிளாஸை மேஜை மேல் வைத்துவிட்டு விரலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "சுத்தறதுன்னு சொல்லிட்டேன் சார். வலம் வர்றதுன்னு எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. இன்னிக்கு லன்ச்ல மறுபடி கேப்பார்."

கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. கிளாஸுக்குக் காசை வைத்துவிட்டு ஓடினார்.

(தொடரும்)